கலங்கல் கிணற்றில் ஃபிளாஷ் போட்டால் படம் முழுக்க வெள்ளைப் புள்ளி, என்ன செய்யலாம்?

பாலக்கோடு_தோட்டம்:

வணக்கம். பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் மாமாவின் தோட்டத்தில் ஒரு பழைய கல்கட்டுக் கிணறு இருக்கிறது, படி வைத்தது, நல்ல அகலம். அதில் விரால், கெளுத்தி, ஜிலேபி, பெயர் தெரியாத பொடி மீன்கள், தவளை, ஆமை எல்லாம் இருக்கின்றன. இவற்றைத் தண்ணீருக்குள்ளேயே படமெடுத்து, ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சுவரில் மாட்டுகிற அளவுக்குப் பெரிதாக அச்சுப் போட்டுத் தரவேண்டும் என்று ஆசை. எங்கள் பக்கம் போர் போட்ட பிறகு பழைய கிணறுகளை மண் கொட்டி மூடிக்கொண்டே வருகிறார்கள். கிணற்றுக்குள் இத்தனை உயிர் இருக்கும் என்றே இப்போதைய பிள்ளைகள் பலருக்குத் தெரியாது, அதனால் இந்த வேலையைத் தள்ளிப்போட மனமில்லை.

கேமரா ஒலிம்பஸ் டிஜி-6. 15 மீட்டர் ஆழம் வரை தாங்கும் என்பதால் ஹவுசிங் (தண்ணீர் புகாத வெளிக்கூடு) எதுவும் இல்லாமல் அப்படியே இறக்குகிறேன். தண்ணீர் பச்சை கலந்த கலங்கல். கையை நீட்டினால் விரல் தெரியும், அதற்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியாது. ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தால் எல்லாம் பச்சைப் பசேலென்று வருகிறது, மீன் அசைந்து மங்கிவிடுகிறது. ஃபிளாஷ் போட்டால் அதைவிட மோசம்: சட்டகம் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள், சில இடத்தில் பெரிய வட்டங்களாகவே, மீன் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது.

வெளியே மாட்டுகிற பெரிய ஃபிளாஷ் வாங்கினால் இது தீருமா? இல்லை இந்தத் தண்ணீரில் ஃபிளாஷே கூடாதா? இணையத்தில் படித்ததெல்லாம் கடலில் முங்குகிறவர்கள் எழுதியது, நம் ஊர்க் கிணற்றுக்கு அது பொருந்துமா என்று தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஓசூர்_வெளிச்சம்:

உங்கள் கேமராவில் கோளாறு எதுவும் இல்லை. அந்த ஃபிளாஷ் உட்கார்ந்திருக்கிற இடம்தான் பிரச்சினை. கிருஷ்ணகிரி பக்கம் எருது விடும் விழாவில் பொழுது சாய்ந்த பிறகு புழுதிக்கு நடுவே செல்போன் ஃபிளாஷ் போட்டு எடுத்த படங்களைப் பார்த்திருப்பீர்கள், காளைக்கு முன்னால் வெள்ளை உருண்டைகளாக மிதக்கும். அதே சங்கதிதான் இங்கேயும். லென்ஸுக்கு ஒட்டினாற்போல ஃபிளாஷ் இருந்தால், லென்ஸுக்கு முன்னால் மிதக்கிற ஒவ்வொரு துகள் மேலும் வெளிச்சம் நேராக விழுந்து நேராகவே திரும்பி லென்ஸுக்குள் வருகிறது. கிட்டே இருக்கிற துகள் ஃபோகஸில் இல்லாததால் புள்ளியாக இல்லாமல் வட்டமாக விரிந்து தெரியும். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் பேக்ஸ்கேட்டர் என்று சொல்வது இதைத்தான்.

கணக்கு எவ்வளவு கொடுமை என்று பாருங்கள். ஃபிளாஷிலிருந்து 10 செ.மீ. தூரத்தில் ஒரு துகள், 60 செ.மீ. தூரத்தில் விரால். தூரம் 6 மடங்கு என்றால் துகளுக்குக் கிடைக்கிற வெளிச்சம் மீனுக்குக் கிடைப்பதைப்போல 36 மடங்கு. கலங்கல் தண்ணீர் வழியில் உறிஞ்சிக்கொள்வது, சிதறடிப்பது எல்லாம் அதற்கு மேலே. ஆகவே இதைவிடப் பெரிய ஃபிளாஷ் வாங்கி அதே இடத்தில் வைத்தால் புள்ளியும் சேர்ந்து பெரிதாகும், அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது இரண்டே. ஒன்று, லென்ஸுக்கும் மீனுக்கும் நடுவே இருக்கிற தண்ணீரைக் குறைப்பது, அதாவது கிட்டே போவது. ஒரு மீட்டர் தெரிகிற தண்ணீரில் ஒரு மீட்டருக்கு அப்பால் இருப்பதை எடுக்கவே முடியாது என்று பலர் நினைக்கிறார்கள், உண்மையில் அரை மீட்டர்கூட அதிகம். தெரிகிற தூரத்தில் நான்கில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்குக்குள் மீன் இருந்தால்தான் செதில் செதிலாகத் தெளிவு வரும். உங்கள் கிணற்றுக்கு அது சுமார் 20 செ.மீ. ஜூம் செய்து மீனைப் பெரிதாக்காதீர்கள், நடுவில் இருக்கிற கலங்கல் அப்படியேதான் இருக்கும். ஜூமை முழுக்கத் திரும்ப இழுத்து அகலக் கோணத்தில் வைத்துக்கொண்டு கேமராவைத்தான் நகர்த்த வேண்டும். தட்டைக் கண்ணாடி வழியாகத் தண்ணீருக்குள் பார்க்கும்போது பார்வைக் கோணம் குறுகிவிடும், 25 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய 33 மி.மீ. மாதிரி நடந்துகொள்ளும். இந்த கேமராவுக்கு முன்னால் மாட்டுகிற மீன்கண் கன்வெர்ட்டர் (பார்வைக் கோணத்தை மிகவும் அகலமாக்கும் துணை லென்ஸ்) கிடைக்கிறது, அதைத் தண்ணீருக்குள்ளும் பயன்படுத்தலாம். ஃபிளாஷுக்குச் செலவு செய்வதற்கு முன் அதை யோசியுங்கள், கலங்கல் தண்ணீருக்கு அதுதான் பெரிய உதவி.

இரண்டாவது, வெளிச்சத்தை லென்ஸிலிருந்து பிரிப்பது. கேமராவின் சொந்த ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். ஒரு தட்டில் கேமராவைத் திருகி, இரண்டு பக்கமும் மடக்குகிற கைகள் வைத்து, அவற்றில் முங்குகிறவர்கள் பயன்படுத்தும் டார்ச் லைட்டோ ஸ்ட்ரோபோ (தண்ணீருக்குள் எரியும் வெளி ஃபிளாஷ்) மாட்டலாம். இங்கேதான் பலரும் இடறுகிறார்கள்: இரண்டு விளக்கையும் மீனை நோக்கி உள்பக்கமாகத் திருப்புவார்கள். அப்படித் திருப்பினால் இரண்டு வெளிச்சமும் மீனுக்கு முன்னாலேயே சந்தித்து அங்கே இருக்கிற தூசியை எல்லாம் விளக்குப் போட்டுக் காட்டும். விளக்குகளை லென்ஸைவிடக் கொஞ்சம் பின்னால் தள்ளி, பக்கவாட்டில் நன்றாக அகட்டி, முகத்தைச் சற்று வெளிப்பக்கமாகத் திருப்புங்கள். வெளிச்சக் கூம்பின் நடுப்பகுதி மீன் மேல் படவேண்டாம், அதன் உள்விளிம்பு மட்டும் மீனைத் தொட்டால் போதும். அப்போது லென்ஸுக்கு நேர் முன்னால் இருக்கிற தண்ணீர் இருட்டாகவே இருக்கும், இருட்டில் இருக்கிற துகள் படத்தில் தெரியாது.

கடல்காரர்கள் சொல்வது பொருந்துமா என்று கேட்டீர்கள். பாதி பொருந்தும். அவர்களுக்கு ஃபிளாஷ் முக்கியமாக நிறத்துக்காக. தண்ணீர் முதலில் சிவப்பைத்தான் விழுங்கும், ஐந்து மீட்டர் ஆழத்துக்குள்ளேயே பெரும்பகுதி போய்விடும், அதற்குக் கீழே ஃபிளாஷ் இல்லாமல் சிவப்பு மீன் சாம்பலாகத்தான் தெரியும். நீங்கள் நிற்பதோ ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் ஆழத்தில். உங்கள் பச்சை பாசியிலிருந்து வருவது, ஆழத்திலிருந்து வருவதல்ல. வெள்ளைச் சமநிலையை (எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லும் அமைப்பு) தண்ணீருக்குள்ளேயே ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டைக் காட்டிச் சரிசெய்துகொண்டு, ராவ் கோப்பாக (கேமரா பதிவு செய்ததை மாற்றாமல் அப்படியே வைக்கும் கோப்பு) எடுத்தால் நிறத்தைப் பெருமளவு மீட்கலாம். ஆகவே உங்களுக்கு ஃபிளாஷ் வேண்டியது மீனின் அசைவை நிறுத்தத்தான்.

ராயக்கோட்டை_சாலை:

இவ்வளவு சிரமம் வேண்டாம் நண்பரே. ஃபிளாஷ் பவரைக் குறைத்து ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) ஏற்றுங்கள், புள்ளி குறைந்துவிடும்.

ஓசூர்_வெளிச்சம்:

இந்த யோசனை எல்லா இடத்திலும் சுற்றுகிறது, அதனால் இதை விளக்கிவிடுகிறேன். படத்துக்கு முழு வெளிச்சமும் ஃபிளாஷிலிருந்துதான் வருகிறது என்றால், பவரைக் குறைக்கும்போது மீன் மேல் விழுவதும் குறையும், துகள் மேல் விழுவதும் அதே விகிதத்தில் குறையும். பிறகு ஐஎஸ்ஓவை ஏற்றும்போது இரண்டும் சேர்ந்தே ஏறும். மிச்சம் என்னவென்றால் அதே புள்ளிகள், கூடவே இரைச்சல், அதாவது படம் முழுக்கப் பொடிப்பொடியான மணல் தூவின தோற்றம். விளக்கின் இடம் மாறாமல் விகிதம் மாறாது.

பவரைக் குறைப்பது உதவுகிற ஒரு நேரம் உண்டு. மேலே வெயில் இருந்து, மீன் மேல்மட்டத்தில் நின்று, பாதிக்கு மேல் வெளிச்சம் சூரியனிலிருந்தே வருகிறது என்றால் ஃபிளாஷைக் குறைவாகத் தூவலாம். ராயக்கோட்டை நண்பர் அப்படிப்பட்ட வெளிச்சத்தில் எடுத்திருக்கலாம், அங்கே அவர் சொல்வது சரி.

பாரூர்_மீன்குளம்:

கேமரா விஷயம் எனக்குத் தெரியாது, தண்ணீர் விஷயம் தெரியும், அதனால் எழுதுகிறேன் தம்பி. நாங்கள் மீன் வளர்க்கிற குளத்தில் செக்கி தட்டு என்று ஒன்று வைத்திருப்போம். 20 செ.மீ. வட்டத் தகடு, நாலு காலாகப் பிரித்துக் கறுப்பு வெள்ளை மாற்றி மாற்றிப் பூசியிருக்கும். கயிற்றில் கட்டி இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்ப்போம். ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் 1865இல் கடலில் செய்து பார்த்த வழி இது, இன்றைக்கும் இதைவிட மலிவான கருவி கிடையாது. வளர்ப்புக் குளத்தில் 30, 40 செ.மீ.யில் தட்டு மறைந்தால் மீனுக்குத் தீனி நன்றாக இருக்கிறது என்று சந்தோஷப்படுவோம். உன் கேமராவுக்கு அது கண்ணைக் கட்டிய மாதிரி. ஒரு பழைய எவர்சில்வர் தட்டில் பெயிண்ட் அடித்து நீயே செய்துகொள். தினமும் ஒரே நேரத்தில் இறக்கிப் பார்த்து எழுதி வைத்தால், உன் கிணறு எப்போது தெளிகிறது என்று அதுவே சொல்லிவிடும். கேமராவை எடுத்துக்கொண்டு போய் ஏமாறவேண்டியதில்லை.

கலங்கலில் இரண்டு சாதி இருக்கிறது. பச்சைக் கலங்கல் உயிருள்ளது, பாசி. அது வெயிலையும் எருவையும் பார்த்து ஏறும் இறங்கும். காற்றில்லாத நேரத்தில் மேல்மட்டத்தில் திரண்டு நிற்கும், சில கிணறுகளில் இரண்டு மூன்று அடி கீழே போனால் தண்ணீர் நன்றாகவே இருக்கும், கேமராவை அங்கே இறக்கிப் பார். செம்மண் கலங்கல் வேறு. மழை பெய்து வாய்க்கால் தண்ணீர் கிணற்றில் இறங்கிவிட்டால் அவசரப்பட்டுப் பயனில்லை. 20 மைக்ரான் (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வண்டல் மணிக்கு ஒரு மீட்டருக்கு மேல் கீழே இறங்கிவிடும். ஆனால் 2 மைக்ரான் களிமண் துகள் இருக்கிறதே, அது ஒரு நாள் முழுக்க இறங்கினாலும் 30 செ.மீ. தூரம்தான் போகும், அதுவும் தண்ணீர் அசையாமல் இருந்தால். கிணற்றில் பத்தடி தண்ணீர் என்றால் பத்து நாள் என்று வைத்துக்கொள். பம்ப்செட் ஓடினால் அந்தக் கணக்கும் போச்சு. ஆகவே மாமாவிடம் சொல்லி, படமெடுக்கிற நாளுக்கு முந்தைய ராத்திரியே மோட்டாரை நிறுத்தச் சொல். அடியில் காலை ஊன்றி மிதிக்காதே, அடிச்சேறு ஒரு தடவை எழும்பினால் அன்றைக்கு வேலை முடிந்தது.

தவறிக்கூட படிகாரத்தைக் கிணற்றில் போட்டுத் தெளியவைக்கலாம் என்று யோசிக்காதே. தண்ணீரின் காரத்தன்மை விழுந்து மீன் செத்து மிதக்கும்.

பாலக்கோடு_தோட்டம்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பாரூர் ஐயா, மோட்டார் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, மாமா காலையிலேயே ஓட்டிவிடுவார், சொல்லி நிறுத்தச் சொல்கிறேன். ஓசூர் அண்ணா, டார்ச் நல்லதா ஸ்ட்ரோப் நல்லதா? இரண்டும் வாங்க வசதி இல்லை, ஒன்றுதான் முடியும். இன்னொன்று, ஆமையும் விராலும் கிணற்றின் அடிப்பக்கம் கல் இடுக்கில்தான் இருக்கின்றன, அங்கே தண்ணீர் இன்னும் மோசம், முழங்கை வரைதான் தெரிகிறது. அதற்கு ஏதாவது வழி உண்டா?

ஓசூர்_வெளிச்சம்:

உங்கள் கேமராவை ஹவுசிங் இல்லாமல் வைத்திருக்கிறீர்கள் என்பதால் டார்ச். ஸ்ட்ரோபுக்கு வெளிச்சம் கடத்துகிற ஃபைபர் கேபிளை கேமரா ஃபிளாஷுக்கு முன்னால் பொருத்த ஹவுசிங் தேவைப்படும். கேபிள் இல்லாமலும் கேமரா ஃபிளாஷின் மின்னலைப் பார்த்துச் சில ஸ்ட்ரோப்கள் எரியும், ஆனால் அந்தச் சின்ன ஃபிளாஷே முன்னால் இருக்கிற தூசியை விளக்கிவிடும், அதை மறைக்கக் கறுப்பு டேப், மறைப்பு என்று வேலை இழுக்கும். டார்ச்சில் இன்னொரு வசதி, புள்ளிகள் எங்கே எரிகின்றன என்று படமெடுப்பதற்கு முன்பே திரையில் தெரியும். கையை அகட்டி, முகத்தைத் திருப்பி, புள்ளி மறைகிற கோணத்தில் நிறுத்திவிட்டு ஷட்டரை அமுக்கலாம். பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஆசிரியர் இல்லை.

குறை என்னவென்றால் ஸ்ட்ரோப் அளவுக்குச் சக்தி இல்லை, வேகமாகத் திரும்புகிற மீனை நிறுத்தாது. நேராகக் கண்ணில் அடித்தால் மீன் ஒதுங்கும். வெளிச்சத்தை முதலில் மங்கலாக வைத்து, மீன் பழகிய பிறகு ஏற்றுங்கள். கூம்பு அகலமான டார்ச்சாகப் பார்த்து வாங்குங்கள். ஒடுங்கிய கற்றை பொடி உயிர்களை மிகக் கிட்டத்தில் எடுக்கும்போது உதவும், அப்போது மீனுக்கு நேர் பக்கவாட்டிலிருந்து, மீன் மேல் மட்டும் விழுகிற மாதிரி அடிக்கவேண்டும். உங்கள் கேமராவில் மைக்ராஸ்கோப் முறை லென்ஸிலிருந்து 1 செ.மீ. வரை ஃபோகஸ் ஆகும். ஒரு சென்டிமீட்டர் தண்ணீரில் எவ்வளவு தூசி இருந்துவிடப் போகிறது? நத்தை, தட்டான் பூச்சியின் இளம்புழு, தவளை முட்டை, கல்லில் ஒட்டிய பாசி இவற்றையெல்லாம் எவ்வளவு கலங்கலிலும் எடுக்கலாம். பிள்ளைகளுக்கு விராலைவிட அது அதிகம் பிடிக்கும் என்பது என் எண்ணம்.

அடிப்பக்கம் விஷயம் நான் செய்ததில்லை, தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

மதகு_முங்கி:

அதற்கு நான் சொல்கிறேன். என் வேலை அணைகளில் மதகு, ஷட்டர், சுவர் விரிசல் இவற்றைத் தண்ணீருக்குள் இறங்கிப் பார்த்துப் படமெடுத்துக் கொடுப்பது. அணையின் அடியில் தெளிவு என்ற பேச்சே இல்லை, முகத்துக்கு முன்னால் கையை வைத்தால் தெரியாது. அங்கே ஃபிளாஷ் எந்தக் கோணத்தில் வைத்தாலும் உதவாது, ஏனென்றால் கலங்கல் எல்லாப் பக்கமும் இருக்கிறது. ஆகவே நாங்கள் கலங்கல் தண்ணீரையே எடுத்துவிட்டு அந்த இடத்தில் நல்ல தண்ணீரை வைக்கிறோம்.

அக்ரிலிக் தகட்டில் ஒரு பெட்டி. லென்ஸ் பக்கம் சிறியது, முன்பக்கம் பெரியது, நடுவில் விரியும். உள்ளே முழுக்கச் சுத்தமான தண்ணீர் நிரப்பி மூடிவிடுவோம். கேமராவைச் சின்ன முகத்தில் ஒட்டினாற்போலப் பொருத்தி, பெரிய முகத்தைச் சுவரில் கொண்டுபோய் ஒட்டவைப்பது. லென்ஸிலிருந்து சுவர் வரை வெளிச்சம் போகிற பாதை முழுக்க நல்ல தண்ணீர், வெளியே எவ்வளவு சேறாக இருந்தாலும் கவலையில்லை. விரிசலின் மயிர்க்கோடு வரை வரும்.

காற்று வைத்து மூடினால் என்ன என்று எல்லோரும் கேட்பார்கள். ஒரு லிட்டர் காற்று ஒரு கிலோவை மேலே தூக்கும், பெட்டியைக் கீழே பிடித்து வைப்பதே பெரும்பாடாகிவிடும். ஆழத்தில் அழுத்தம் வேறு தகட்டை வளைக்கும். தண்ணீர் என்றால் அந்தத் தொல்லை இல்லை. நிரப்பும்போது ஒரு குமிழிகூட விடாதீர்கள், சாய்த்து நிரப்பி, மேல் மூலையில் ஒரு துளை வைத்துக் காற்றை வெளியேற்றிவிட்டு அடையுங்கள். பக்கச் சுவர்களின் உள்பக்கம் மங்கலான கறுப்பு அடித்தால் பிரதிபலிப்பு வராது. விளக்கைப் பெட்டிக்குப் பின்னாலிருந்து அதன் வழியாக அடிக்கக்கூடாது, முன்முகத்தின் ஓரத்திலிருந்து, பொருளின் மேல் சாய்வாக விழவேண்டும். உங்களுக்கு 15, 20 செ.மீ. நீளப் பெட்டி போதும். ஓசூர், கிருஷ்ணகிரியில் பெயர்ப் பலகை செய்கிற கடைகளிலேயே அக்ரிலிக் வெட்டி ஒட்டித் தருவார்கள். முதலில் சோதித்துப் பார்க்க, கெட்டியான தெளிந்த பிளாஸ்டிக் பையில் கேன் தண்ணீர் நிரப்பி, கட்டி, லென்ஸுக்கு முன்னால் வைத்து அழுத்திப் பிடித்து எடுத்துப் பாருங்கள். சுருக்கம் விழுந்தால் படம் நெளியும், ஆனாலும் வித்தியாசம் என்னவென்று உடனே புரியும்.

மீன் ஓடிவிடுமே என்றால், ஓடும்தான். ஆனால் கல் இடுக்கில் பதுங்குகிற கெளுத்தியும் ஆமையும் வந்த இடத்துக்கே திரும்பி வரும். பெட்டியை அந்த இடுக்குக்கு முன்னால் வைத்துவிட்டு விலகுங்கள். கேமராவில் குறிப்பிட்ட இடைவெளியில் தானாக எடுக்கிற வசதி இருக்கிறது, அதைப் போட்டுவிட்டு மேலே வந்து உட்காருங்கள். செல்போனிலிருந்து வைஃபை வழியாக இயக்கலாம் என்று நினைக்கவேண்டாம், அந்த அலை தண்ணீரில் சில சென்டிமீட்டருக்குள் செத்துவிடும்.

இனி கேமராவைவிட முக்கியமானது. கிணற்றில் தனியாக இறங்காதீர்கள். மேலே கயிறோடு ஒரு ஆள் நின்றே ஆகவேண்டும், நீச்சல் தெரியும் என்பதெல்லாம் கணக்கில்லை. டீசல் இன்ஜின் ஓடிய கிணறு, நீண்ட நாள் இறங்காத கிணறு என்றால் உள்ளே காற்றே கெட்டுப் போயிருக்கும், தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே ஆள் சாய்ந்துவிடுவார். உண்மையில் நீங்கள் இறங்கவே தேவையில்லை. நீளமான மூங்கில் கழியில் கேமரா, பெட்டி, டார்ச் மூன்றையும் கட்டிப் படியில் நின்றபடி இறக்குங்கள். அடிச்சேறும் எழும்பாது. தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்று யாராவது கைவிட்ட கல்குவாரிப் பள்ளத்துக்குக் கூப்பிட்டால் போகாதீர்கள், ஓரம் செங்குத்து, ஏறிவரப் பிடி கிடையாது. ஒகேனக்கல்லில் ஆற்றுக்குள் கேமராவோடு இறங்குகிற எண்ணமும் வேண்டாம். பாறைக்கு அடியில் இழுக்கிற நீரோட்டம் மேலே இருந்து பார்த்தால் தெரியாது, முதலையும் இருக்கிறது. அங்கே ஆற்றை ஒட்டிய காடு காவிரி வடக்கு, காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயங்கள், வனத்துறை அனுமதி இல்லாமல் எதுவும் செய்யக்கூடாது.

விலங்கியல்_தர்மபுரி:

முங்கி அண்ணன் சொன்ன அதே யோசனையைத் திருப்பிப் போட்டால் பொடி மீன்களுக்கு இன்னும் சுலபமான வழி கிடைக்கும். நல்ல தண்ணீரை மீனிடம் கொண்டு போவதற்குப் பதில் மீனை நல்ல தண்ணீருக்குக் கொண்டு வருவது. மீன் வகைப்பாடு செய்கிறவர்கள் ஆற்றங்கரையிலேயே இப்படித்தான் எடுக்கிறார்கள். 30 செ.மீ. நீளம், 15 செ.மீ. உயரம், 6 அல்லது 7 செ.மீ. அகலத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே ஒரு கண்ணாடித் தகட்டைத் தனியாகச் செருகி, மீனை மெல்ல முன்பக்கத்துக்கு ஒதுக்கலாம், அமுக்கக் கூடாது. பின்னால் கறுப்பு அல்லது சாம்பல் துணி. இரண்டு பக்கமும் 45 பாகைச் சாய்வில் விளக்கு, மேலிருந்து ஒன்று இருந்தால் செதில் மினுக்கம் அருமையாக வரும். இங்கே வெளி ஃபிளாஷை முழு மனதோடு பயன்படுத்தலாம், ஏனென்றால் ஃபிளாஷ் தண்ணீருக்கு வெளியே இருக்கிறது, சாதாரண ஃபிளாஷே போதும், அல்லது நண்பரிடம் ஒரு பெரிய கேமராவை வாங்கியே எடுக்கலாம். கேமரா கண்ணாடிக்குச் செங்குத்தாக இருக்கட்டும், சாய்ந்தால் ஓரங்களில் உருவம் கலையும். லென்ஸைச் சுற்றிக் கறுப்புத் துணி பிடித்தால் உங்கள் முகம் கண்ணாடியில் விழாது.

தொட்டித் தண்ணீர் அதே கிணற்றுத் தண்ணீராகவே இருக்கவேண்டும், வெப்பமும் உப்பும் மாறினால் மீன் தாங்காது. முந்தைய நாளே குடத்தில் பிடித்துத் தெளியவையுங்கள். நம் பாட்டிமார் குடத்தின் உள்பக்கம் தேற்றாங்கொட்டையை இழைத்து வைத்துத் தண்ணீரைத் தெளியவைப்பார்கள், நாட்டு மருந்துக் கடையில் இன்றும் கிடைக்கிறது. மண் கலங்கலுக்கு அது நன்றாகவே வேலை செய்யும், துகள்களை ஒன்றோடொன்று சேர்த்துக் கனமாக்கி அடியில் இறக்கிவிடும். அதை முங்கி அண்ணன் சொன்ன பெட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மீன் இருக்கிற தொட்டிக்கு வேண்டாம், தானாகத் தெளிந்த மேல்தண்ணீரை மெல்லிய துணியில் வடிகட்டி ஊற்றுங்கள். ஊற்றியதும் கண்ணாடியில் குமிழிகள் ஒட்டும், ஒரு தூரிகையால் தள்ளிவிட்டுச் சற்று நேரம் விடுங்கள்.

ஒரு மீன், சில நிமிடம், பிறகு அதே கிணற்றில். வலையால் தூக்காமல் தண்ணீரோடு சேர்த்துக் கிண்ணத்தில் மொண்டு எடுத்தால் செதில் உதிராது. படத்தில் ஒரு அளவுகோலையும் சேர்த்து எடுங்கள், பெயர் தெரியாத பொடி மீன்கள் என்று எழுதியிருந்தீர்களே, பக்கவாட்டுக் கோடு, துடுப்புக் கதிர்கள், வால் பொட்டு இவை தெளிவாக விழுந்தால் பெயரைக் கண்டுபிடித்துவிடலாம். இங்கேயே போடுங்கள், நானும் பார்க்கிறேன். கணினியில் புள்ளிகளை அழிக்கிற கருவியை மீனின் உடம்பு மேல் மட்டும் ஓட்டாதீர்கள், உண்மையான பொட்டும் சேர்ந்து போய்விடும். ஜிலேபி வெளியூர் மீன், படமெடுத்த பிறகு பாவம் என்று பக்கத்து ஏரியில் கொண்டுபோய் விடவேண்டாம். அது எங்கே போனாலும் நாட்டு மீன்களின் முட்டையிடும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

பாலக்கோடு_தோட்டம்:

அக்கா, தொட்டி யோசனை பொடி மீன்களுக்கு உடனே செய்துவிடலாம், அளவு எழுதிக்கொண்டேன். முங்கி அண்ணன் சொன்னபடி கழியில் கட்டித்தான் இறக்கப்போகிறேன், மாமா பையனும் கூட இருப்பான். கடைசியாக ஒன்று மட்டும் கேட்டுவிடுகிறேன். கிணற்றை உள்ளிருந்து மேலே பார்த்த மாதிரி, கல்கட்டு, படி, வானம் எல்லாம் தெரிகிற ஒரு பெரிய படம் முகப்பில் வைக்க வேண்டும். அதற்கு எத்தனை டார்ச் வேண்டும்?

ஓசூர்_வெளிச்சம்:

ஒன்றும் வேண்டாம், எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். அகலமான காட்சிக்குக் கலங்கல் தண்ணீரில் ஃபிளாஷ் எந்த வகையிலும் உதவாது, அதற்குச் சூரியன்தான். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஓரடிக்குள் கேமராவை வைத்து நேர் மேலே பாருங்கள், வானம் முழுவதும் ஒரு வட்டத்துக்குள் சுருங்கித் தெரியும், நடுவில் இருக்கிற தண்ணீர் ஓரடிதான் என்பதால் கலங்கல் பெரிதாகக் கெடுக்காது. அலை அடங்கியிருக்கவேண்டும். மீன் குறுக்கே போனால் நிழலுருவமாக விழும், அதுவும் அழகுதான்.

நாள் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பாலக்கோடு ஏறத்தாழ 12.3 பாகை வடக்கில் இருக்கிறது, ஆகவே ஏப்ரல் 22ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 20ஐ ஒட்டியும் சூரியன் உச்சியில் நேராக வரும், கடிகாரத்தில் மதியம் 12:15, 12:20 வாக்கில். அப்போது கிணற்றின் எந்தச் சுவரும் நிழல் போடாது, வெயில் அடிவரை நேராக இறங்கும். முன்னும் பின்னும் ஒரு கால்மணி நேரம் அந்த வெளிச்சம் நிற்கும். ஏப்ரலில் தண்ணீர் வற்றிப் படிகள் அதிகம் தெரியும், ஆகஸ்டில் மழை கலங்கவைத்திருந்தால் பாரூர் ஐயா சொன்ன தட்டை இறக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மோட்டாரை முந்தைய ராத்திரியே நிறுத்திவிடச் சொல்லுங்கள்.